பழைய துண்டு முழுசாகத் திரும்ப வருமா? பொதுவெளிச் சிற்பம், மொசைக், சுவரோவியம் சீரமைக்கும் சரக்குகள்: ஒரு மதிப்பீடு

பொதுவெளியில் நிற்கும் சிலையையோ மொசைக் சுவரையோ பழுதுபார்க்கப் பசை, பூச்சு, மெழுகு, சாந்து என்று வாங்கப் போனால் எல்லா டப்பாவிலும் ‘நீண்டகாலப் பாதுகாப்பு’ என்றுதான் அச்சடித்திருக்கும். இங்கே அதற்கு மதிப்பெண் கிடையாது. பத்து, இருபது ஆண்டு கழித்து வேறொருவர் அதே இடத்தைப் பிரிக்கும்போது பழைய சில்லும் (மொசைக்கில் பதித்த சிறு துண்டு) கல்லும் தகடும் உடையாமல் கழன்று வருமா? அளவுகோல் அவ்வளவுதான். கழன்று வந்தால் அதையே மறுபடி பதிக்கலாம். வராவிட்டால் பழையது குப்பைக்குப் போகும், புதுச் சரக்கு வாங்க வேண்டியிருக்கும். ‘பசுமை’ முத்திரை குத்தி விற்கிற பல பொருட்கள் இந்தச் சோதனையில் தோற்கின்றன. நூறாண்டுப் பழைய சரக்குகள் சில தேறிவிடுகின்றன.

பாரலாய்டு பி-72: நல்ல பிசின், வெயில் தாங்காது

எத்தில் மெத்தக்ரிலேட்டும் மெத்தில் அக்ரிலேட்டும் சேர்ந்த அக்ரிலிக் பிசின் இது. நிறமற்ற சிறு மணிகளாக வரும். பல ஆண்டு போனாலும் மஞ்சளிப்பது மிகக் குறைவு, அசிட்டோனில் கரைவதும் நிற்பதில்லை. உடைந்த கல்லை ஒட்ட, பொடியும் பரப்பை இறுக்க, எண் எழுதுமுன் அடிப்பூச்சாக இட என்று ஒரே சரக்கு பல வேலைக்கு உதவும்.

ஒட்டுவதற்கு 50 சதவீதக் கரைசல் வேண்டும்: 100 மி.லி. அசிட்டோனுக்கு 50 கிராம் மணி. மணியை நேரே பாட்டிலில் கொட்டினால் அடியில் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, கரைப்பானின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டு இரவு முழுதும் வைத்தால் தானே கரைந்து இறங்கும். பொடியும் கல்லை இறுக்க 2 முதல் 5 சதவீதம் போதும். ‘கொஞ்சம் கெட்டியாகவே அடிப்போம்’ என்று 10 சதவீதம் அடித்தால் பிசின் உள்ளே இறங்காமல் மேலே பளபளப்பான தோலாகப் படியும். கொஞ்ச நாளில் அந்தத் தோல் தனக்குக் கீழே இருக்கும் கல்லையும் சேர்த்துக்கொண்டு உரியும்.

ஈரப்பதம் மிகுந்த நாளில் அசிட்டோன் கரைசலை அடித்தால் பரப்பு வெளுத்துப்போகும். அசிட்டோன் மளமளவென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதில் படிவதுதான் காரணம். மெதுவாக ஆவியாகும் கரைப்பானைக் கலந்தால் இது குறையும்.

இதன் பெரிய குறை வேறு. இந்தப் பிசின் இறுக்கம் விட்டு இளகத் தொடங்குவது 40 டிகிரி செல்சியஸ் அளவில். நேர் வெயிலில் நிற்கும் கருத்த வெண்கலமோ கருங்கல்லோ 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே பி-72ஐ மட்டும் நம்பி எடையுள்ள துண்டை ஒட்டினால் ஒட்டு மெல்லச் சரியும், பரப்பில் தூசும் ஒட்டும். அதனால் எடை தாங்கும் ஒட்டுக்குள், இரு துண்டையும் கோத்துப் பிடிக்கும் பற்றுக்கம்பி கட்டாயம். கண்ணாடியிழையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இருக்கலாம், சாதா இரும்பு மட்டும் கூடாது. இரும்பு துருப்பிடித்து உப்பினால் கல்லே பிளந்துவிடும்.

கட்டடத்துக்குள் நிற்கும் சிலைக்கு இந்தப் பிசின் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்குச் சான்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கிருந்த, இத்தாலியச் சிற்பி துல்லியோ லோம்பார்தோவின் ஆதாம் சிலை 2002ல் விழுந்து நொறுங்கியது. கழற்ற முடிகிற அக்ரிலிக் பசையாலும் மிகச் சில கண்ணாடியிழைப் பற்றுக்கம்பிகளாலும் அதைக் கூட்டிச் சேர்த்து 2014ல் மறுபடி நிறுத்தினார்கள். திறந்த வெளிக்கு அதே முறையை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே வெயில் வந்துவிடுகிறது.

இரு பகுதி கலந்தால் கெட்டியாக இறுகும் எபாக்சிப் பசையைத் தவிர்க்க முடியாத இடங்கள் உண்டு. அங்கேயும் பி-72 உதவும். ஒட்டவேண்டிய இரு முகங்களிலும் பி-72ஐ 10 முதல் 20 சதவீதக் கரைசலாக அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் எபாக்சி இடுங்கள். பின்னாளில் பிரிக்க நேர்ந்தால் அசிட்டோன் அந்த இடைப்படலத்தைக் கரைக்கும், எபாக்சி கல்லைப் பிய்க்காமல் தனியே வரும். இந்தப் படலம் இல்லாமல் இட்ட எபாக்சிக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். புற ஊதாக் கதிரில் அது மஞ்சளாகும், கல்லைவிட அதிகமாக விரிந்து சுருங்கும், பிரிக்கும்போது கல்தான் உடையும். கல்பட்டறைகளில் பளிங்குப் பசை என்று விற்கும் பாலியெஸ்டர் பிசின் இன்னும் மோசம். ஈரத்தில் பிடி விட்டுவிடும், மஞ்சள் கோடு மட்டும் அப்படியே நிற்கும்.

வெண்கலத்துக்கு மெழுகா, இன்க்ராலாக்கா?

இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக விற்கிறார்கள். உண்மையில் இரண்டும் வெவ்வேறு ஒப்பந்தம். மெழுகு இட்டால் ஆண்டுதோறும் ஆள் வர வேண்டும். இன்க்ராலாக் இட்டால் பல ஆண்டு யாரும் வர வேண்டாம், ஆனால் கெட்டபின் வருகிறவருக்கு வேலை இரட்டிப்பு.

இன்க்ராலாக் 1960களில் செம்பு உலோகங்களுக்கென்றே உருவான அரக்கு. இதன் அடிப்படை பாரலாய்டு பி-44. அது இளகுவது 60 டிகிரி அளவில் என்பதால் பி-72ஐவிட வெயில் தாங்கும். இதில் கலந்திருக்கும் பென்சோட்ரையசோல் செம்பு அரிப்பைத் தடுக்கும். அடிப்பவர் கை சுத்தமாக இருந்தால் 5 முதல் 10 ஆண்டு நிற்கும். படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அரிப்பு அதன் வழியே நுழைந்து படலத்துக்கு அடியிலேயே இழை இழையாக ஓடும். பழையதான படலம் கரையவும் அடம்பிடிக்கும். கரைப்பான் டொலுவீன் என்பதால் கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடி இல்லாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. இன்க்ராலாக்கின் மேல் மெழுகும் இட்டு, மெழுகை மட்டும் அவ்வப்போது புதுப்பித்து வந்தால் அரக்கின் ஆயுள் நீளும். இரண்டுக்கும் பணம் இருந்தால் இதுவே நல்ல வழி.

மெழுகில் வாங்க வேண்டியது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும், நடுநிலையான மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகு இந்த வகைதான். ‘இயற்கைச் சரக்கு’ என்று தேன்மெழுகு இடுகிறவர்கள் கவனிக்க: அதிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு வினைபுரிந்து பச்சைச் சோப்பாக மாறும். சிலையைக் காக்க இட்டதே சிலையை அரிக்கும்.

இடும் முறை: அயனியற்ற சோப்புக் கரைசலில் மென்தூரிகையால் கழுவி, கனிமம் நீக்கிய நீரில் அலசி, முழுக்க உலரவிட வேண்டும். கேஸ் டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டி உலோகத்தைச் சூடாக்கி, மெழுகை மெல்லிய படலமாகத் தூரிகையில் தேய்த்து, ஆறியபின் துணியால் மெருகேற்ற வேண்டும். சூடு போதாவிட்டால் மெழுகு குழிகளில் வெள்ளையாகத் தேங்கும். சூடு மிஞ்சினால் பழம்பச்சையின் (வெண்கலத்தின் மேல் காலப்போக்கில் படிந்த படலம்) நிறமே மாறிவிடும். சூடான மெழுகு நிறத்தைக் கொஞ்சம் கருக்கத்தான் செய்யும். முதலில் கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் இட்டுப் பாருங்கள்.

வெளிர்பச்சைப் பொடி உதிரும் இடத்தை மூடி மெழுகிடுவது வீண். அது சாதாரணக் களிம்பு அல்ல. உள்ளே குளோரைடு இருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கும்வரை அரிப்பு தொடரும். அந்தப் பொடியைச் சுரண்டி எடுத்து, குளோரைடை வெளியேற்றி, பென்சோட்ரையசோல் தடவிய பிறகே மேல்பூச்சு.

மொசைக்: சில்லை மீட்பதும் சாந்தைத் தேர்வதும்

மறுபயன்பாடு என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் இருப்பது மொசைக்கில்தான். சில்லு கெடுவது அபூர்வம், அதைப் பிடித்திருக்கும் படுகைதான் கெடும். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் உடைத்துக் கொட்டிவிட்டுப் புதுச் சில்லுக்கு ஆர்டர் போடுகிறார்கள். மீட்கும் வேலை அப்படியொன்றும் கடினமில்லை, பொறுமைதான் வேண்டும்.

முதலில் ஒன்றுக்கு ஒன்று அளவில் கண்ணாடித்தாளில் படியெடுத்து, பகுதிக்கு எண்ணும் மேல் திசைக்கு அம்புக்குறியும் இட வேண்டும். பிறகு முகப்பில் பருத்தி வலைத்துணியை ஒட்டிப் பிடிமானம் தர வேண்டும். காலங்காலமாக இதற்கு விலங்குப் பசைதான், வெந்நீரில் கழன்றுவிடும். புழுக்கமான பருவத்தில் அது இளகும், பூஞ்சை பிடிக்கும். அப்போது 15 முதல் 20 சதவீத பி-72 நல்லது. துணி காய்ந்தபின் படுகையைப் பின்னாலிருந்து மெல்லிய தகட்டால் அறுத்துப் பகுதி பகுதியாக எடுக்கலாம்.

சுண்ணாம்புப் படுகை என்றால் சில்லு சுத்தமாக வரும். சிமெண்டு என்றால் சாந்துக்கு முன் சில்லு உடையும். அங்கே பின்புறம் ஒட்டிய சிமெண்டை வைர வட்டால் 1, 2 மி.மீ. வரை தேய்த்துக் குறைத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். முழுக்க நீக்குகிறேன் என்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போடுவது கட்டடக்காரர்களின் பழைய குறுக்குவழி. அமிலம் பளிங்குச் சில்லைத் தின்றுவிடும், பீங்கானில் குளோரைடை ஏற்றிவிடும். அந்த உப்பு இரண்டு மழைக்குப் பின் வெள்ளையாகப் பூத்து மேல்பூச்சைத் தள்ளும்.

உப்பு நீக்கக் கனிமம் நீக்கிய நீரில் ஊறவைத்து நாளுக்கொரு முறை நீரை மாற்றுங்கள். எப்போது போதும் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஊறிய நீரின் மின்கடத்துதிறனைக் கைமீட்டரில் அளந்து குறித்து வாருங்கள். எண் இறங்கி இறங்கி ஒரே நிலையில் நின்றால் வேலை முடிந்தது. பொன்சில்லுக்கு மட்டும் இந்த ஊறல் வேண்டாம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பொன்தாள் வைத்துச் செய்தது அது, மேல் கண்ணாடி மிக மெல்லியது. நீர் புகுந்தால் பிரிந்துவிடும்.

மறுபடி பதிக்கும் சாந்துக்குக் குறைந்தது மூன்று மாதம் ஊறிய சுண்ணாம்புக் களிக்கே முதல் மதிப்பெண். ஒரு பங்கு களிக்கு மூன்று பங்கு மணல் என்ற வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். அளவுக் குவளையில் உலர்ந்த மணலை நிரப்பி, மேல்மட்டம் வரை நீர் ஊற்றுங்கள். எவ்வளவு நீர் பிடித்ததோ அவ்வளவுதான் மணலின் இடைவெளி, களி அதை நிரப்பினால் போதும். மணல் மாறினால் அளவும் மாறும். வண்டல் கலந்த மணலைக் கழுவாமல் போட்டால் சாந்து காயும்போது வலைவலையாக வெடிக்கும்.

ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அடிப்பரப்பை நனைத்துவிட்டுப் பூசி, ஈரச் சாக்கால் நிழலிட்டு வைக்க வேண்டும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான், அதற்கு ஈரமும் தேவை. வெயிலில் வேகமாகக் காய்ந்தால் இறுகாமல் பொடியாக உதிரும். பலர் இதைச் சுண்ணாம்பின் குறை என்று எழுதித் தள்ளுகிறார்கள், தவறு சாக்கு போடாதவருடையது. இறுகிவிட்டதா என்று பார்க்க ஓரத்தில் ஒரு துணுக்கை உடைத்து, காரம் மிகுந்த இடத்தில் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பு தெரிகிற பகுதி இன்னும் இறுகவில்லை.

பழைய சரக்கு இங்கே இன்னொரு வழியிலும் உதவும். குறைந்த சூட்டில் சுட்ட பழஞ்செங்கல்லையும் மண் ஓட்டையும் மாவாக இடித்துச் சாந்தில் கொஞ்சம் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும் தன்மை வரும். கெட்டியாகச் சுட்ட, கண்ணாடித்தன்மை ஏறிய ஓடு வினைபுரியாது, அதை ஜல்லியாக மட்டும் போடலாம். பழைய சுண்ணாம்புச் சாந்தை இடித்துச் சலித்து மணலில் ஒரு பங்காகச் சேர்க்கலாம். அதில் ஜிப்சம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிமெண்டோ நீரில் இறுகும் சுண்ணாம்போ ஜிப்சத்தோடு சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற உப்பு உருவாகி வீங்கும், படுகையே எழும்பிவிடும்.

நீர் தேங்கும் இடத்துக்கு, இயற்கையாகவே நீரில் இறுகும் சுண்ணாம்பு வாங்கலாம். மூட்டையில் இ.என். 459 என்ற ஐரோப்பியத் தரமும் என்.எச்.எல். என்ற எழுத்தும் இருக்க வேண்டும். எச்.எல்., எஃப்.எல். என்றிருந்தால் உள்ளே சிமெண்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. பக்கத்திலுள்ள எண் 28 நாள் வலிமையைக் குறிப்பது. 3.5 என்றால் 3.5 முதல் 10 மெகாபாஸ்கல் வரை எதுவாகவும் இருக்கலாம், அதற்கு மேல் இறுகுவது தனி. மொசைக்குக்கு 2 அல்லது 3.5 போதும். 5 வாங்கினால் பிரிக்கும்போது சிமெண்டின் தொல்லைதான் மறுபடி. களிக்கு இன்னொரு லாபம்: மேலே நீர் நிற்கும்படி மூடி வைத்தால் கெடாது. என்.எச்.எல். மூட்டை ஈரம் பட்டால் போயிற்று.

விரிசல் அடைக்கும் சரக்கு

உடைந்த ஓடு, கண்ணாடி, சிப்பி பதித்து 1921 முதல் 1954 வரை சைமன் ரோடியா லாஸ் ஏஞ்சல்ஸில் கட்டிய வாட்ஸ் கோபுரங்களைப் பாருங்கள். வெயில் ஏற ஏற உயர்ந்த கோபுரம் அசைகிறது, விரிசலும் தினமும் திறந்து மூடுகிறது. அதில் கெட்டியான சாந்தை அடைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விழும். இப்படி அசையும் விரிசலுக்கு நெகிழ்வான அக்ரிலிக் நிரப்பி வாங்குங்கள், அசையாத விரிசலுக்குச் சுண்ணாம்பே போதும். எது எது என்று தெரிய, விரிசலின் இருபுறமும் குறியிட்டுக் காலையிலும் பிற்பகலிலும் அளந்தால் போதும். சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அதன் எண்ணெய் கல்லில் இறங்கிக் கறையாகும், அதன் மேல் பின்னால் எந்தப் பூச்சும் பிடிக்காது.

சுவரோவியத்துக்கு

கிறுக்கல் தடுப்புப் பூச்சில் இரண்டு இனம். இரு டப்பா பாலியூரித்தேன் ஒரு முறை அடித்தால் ஓவியம் உள்ளவரை நிற்கும் என்பார்கள். அது மஞ்சளித்துக் கெட்டபின் ஓவியத்தைச் சேதப்படுத்தாமல் அதை எடுக்க வழியில்லை. நிராகரிக்கலாம். மெழுகு அடிப்படையிலான தியாகப் பூச்சு வெந்நீரில் கிறுக்கலோடு சேர்ந்தே போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். செலவு அடிக்கடி வரும், ஓவியம் தப்பிக்கும்.

அக்ரிலிக் ஓவியத்தின் மேல் இடைப்படலமாக பி-72 அடிக்கச் சொல்வோர் உண்டு. அதைக் கழற்ற அசிட்டோன் வேண்டும், அசிட்டோனோ ஓவியத்தின் சாயத்தையும் கரைக்கும். கழற்ற முடியும் என்பது காகிதத்தில் மட்டும்தான். வெள்ளை ஸ்பிரிட் என்ற மென்மையான பெட்ரோலியக் கரைப்பானில் கரையும் பாரலாய்டு பி-67 இங்கே பாதுகாப்பானது.

பொட்டாசியம் சிலிக்கேட் வண்ணங்கள், 1878ல் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற வழி, சுண்ணாம்பு, சிமெண்டு, கல் ஆகிய கனிமச் சுவரில் மட்டும் பிடிக்கும். சுவர் மூச்சுவிடும், நிறமும் நிற்கும். பழைய அக்ரிலிக்கின் மேலும் ஜிப்சத்தின் மேலும் பிடிக்காது. கனிமச் சுவரோடு ஒன்றிவிடுவதால் பின்னால் கழற்றவும் முடியாது. புது ஓவியத்துக்கு வாங்குங்கள், பழையதைத் திருத்த அல்ல.

இரும்பும் எஃகும்

பழைய எஃகுத் தகட்டை மறுபடி பயன்படுத்துமுன் வண்ணத்தில் ஈயம் உண்டா என்று சோதியுங்கள். ஈயம் இருந்தால் உலர்ந்து தேய்க்கும் இயந்திரம் அந்தப் பக்கமே வரக்கூடாது. துரு நீக்கம் எஸ்.ஏ. 2½ தரத்தில் (துகள் பீய்ச்சி உலோகம் ஏறக்குறைய வெளுக்கும்வரை), அதன்பின் துத்தநாக எபாக்சி பிரைமர், நடுப்பூச்சு, பாலியூரித்தேன் மேல்பூச்சு. பரப்பின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் அடித்த பிரைமர் ஓராண்டில் கொப்புளிக்கும். சூட்டில் உருக்கி ஒட்டும் பவுடர் பூச்சு பட்டறையில் அழகாக இருக்கும், நின்ற இடத்தில் செப்பனிட முடியாது.

இரண்டு உலோகம் தொடும் இடத்தில் நைலான் புஷ்ஷும் டெஃப்லான் வாஷரும் வைக்காமல் விடுவதுதான் அதிகம் காணும் பிழை. சுதந்திர தேவி சிலையின் செப்புத் தோலையும் இரும்புச் சட்டத்தையும் பிரித்து வைத்திருந்தது அரக்கில் தோய்த்த கல்நார். அது மட்கியபின் இரும்பு துருவேறி உப்பி ரிவெட்டுகளைப் பிடுங்கியது. 1984 முதல் 1986 வரை நடந்த சீரமைப்பில் அந்தச் சட்டத்தின் இரும்புப் பட்டைகளுக்குப் பதில் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நடுவே டெஃப்லான் நாடாவும் வந்தன. உட்புறம் பூசியிருந்த தாரை நீக்கச் சமையல் சோடா பீய்ச்சினார்கள். அந்தச் சோடா இடுக்குகள் வழியே கசிந்து வெளிப்புறப் பச்சையைக் கறைப்படுத்தியது. சாதுவான சரக்குதானே என்று பின்பக்கத்தைப் பார்க்காமல் எதையும் பீய்ச்ச வேண்டாம்.

பணம் குறைவாக இருந்தால் வாங்கும் வரிசை இதுதான்: மின்கடத்துதிறன் மீட்டர், களிச் சுண்ணாம்பு, ஒரு கிலோ பி-72, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. இன்க்ராலாக்கும் சிலிக்கேட் வண்ணமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எடுத்து மீந்த சில்லுகளைப் பகுதி எண் எழுதிய பெட்டியில் போட்டு, எந்தச் சாந்து, எந்தக் கரைசல், எத்தனை சதவீதம் என்ற தாளையும் அதற்குள்ளேயே வையுங்கள். அலுவலகக் கோப்பில் மட்டும் வைத்தால் அடுத்து வருபவர் கைக்கு அது போய்ச் சேருவதில்லை.